சிறு தொலைநோக்கியாற் கோள்களைப் படமெடுத்தல்

வியாழனை முதன்முறை தொலைநோக்கியிற் காண்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். நூல்களிலும் சுவர்ப்படங்களிலும் பட்டை பட்டையாகவும் சுழல் சுழலாகவும் கண்ட கோள், குழலின் வழியே ஒரு பட்டாணியளவிற் சிறுத்து, நீரடியிற் கிடக்கும் நாணயம்போல நெளிந்துகொண்டிருக்கும். "இவ்வளவுதானா?" என்று கேளாத மாணவர் அரியர். அங்ஙனம் எம்மைக் கேட்டவருள் ஒருவர், அதே இரவில் அதே தொலைநோக்கியால் எடுத்த படத்தை மறுநாட் கண்டு, "இது வேறெங்கோ எடுத்த படம் அன்றோ?" என்று ஐயுற்றார். அவர் ஐயம் நியாயமானதே. கண்ணுக்குப் புலனாகாத பட்டைகளும் செம்புள்ளியும் படத்தில் எங்ஙனம் வந்தன? வந்தவை யாவும் உண்மையாகவே அங்குள்ளனவோ? இவ்விரு வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை கூறுதலே இக்கட்டுரையின் கருத்து. முதல் வினாவின் விடையை நூல்களிற் கற்றோம். இரண்டாவதை யாம் வழுக்கி விழுந்தே கற்றோம்.

எமது கருவி பெரியதன்று. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழியாடியும், அது குவிக்கும் ஒளியைக் குழலின் பக்கத்தே திருப்பிவிடும் சிறு தட்டையாடியும் கொண்ட நியூட்டன் முறைத் தொலைநோக்கி அது. குவியத்தூரம் 1,200 மில்லிமீட்டர். வியாழன் நமக்கு அணித்தாய் வருங்காலத்து வானத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 45 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை. முழுநிலவின் அகலம் 1,800 விகலைக்குச் சற்று மேற்படும். ஆகவே வியாழன் நிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கே. எமது ஆடி அதனைக் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள உருவாக இடுகின்றது. இடையே பார்லோ வில்லை ஒன்றைச் செருகி இருமடங்காக்கினாலும் அரை மில்லிமீட்டர்தான், எள்ளினும் சிறிது. ஆயினும் இக்காலத்துக் காமிராவின் சென்சாரிலுள்ள ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கே அகலமுடையதாதலின், அவ்வுருவின் குறுக்கே 180 புள்ளிகள் அடங்குகின்றன. இதற்குமேற் பெருக்குவதால் அதிகப் பயனில்லை. 20 சென்டிமீட்டர் ஆடி பிரித்துக் காட்டவல்ல மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 0.6 விகலை. அவ்வெல்லை ஒளியின் அலைத்தன்மையால் அமைந்தது. விலையுயர்ந்த காமிரா வாங்கினாலும் அது விலகாது.

ஆயினும் அவ்வெல்லையை எட்டுமுன்னரே நம்மைத் தடுத்து நிறுத்துவது தலைக்கு மேலுள்ள காற்று. சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலையின்மேல் நோக்கினால், எதிரே வரும் வண்டி நெளிந்து நெளிந்து வருவதைக் காண்கின்றோம். வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. அவை கலந்து புரளுங்கால் அவற்றினூடு வரும் ஒளி கணத்துக்குக் கணம் வழி மாறுகின்றது. சாலையின்மேற் சில அடி உயரத்தில் நிகழும் அதுவே, வானத்திற் பல மைல் உயரம்வரை இரவு முழுதும் நிகழ்கின்றது. விண்மீன்கள் மின்னுவதும் இதனாலேயே. கோள்கள் மின்னுவதில்லை என்று பள்ளியிற் படித்தோம். 200 மடங்கு பெருக்கி நோக்கினால் அவையும் கொதிக்கும் பால்போற் பொங்கி அடங்குவதைக் காணலாம். அங்ஙனம் பொங்குவதற்கு இடையே, நொடியிற் சிறு கூறளவு, காற்று அயர்ந்து நின்றாற்போலக் கோள் தெளிந்து நிற்கும். பட்டைகளின் ஓரத்து நெளிவுகளும் வளையங்களின் பிரிவும் தோன்றும், தோன்றியவுடன் மறையும். பழகிய கண் அக்கணத்தைப் பற்றிக்கொள்ளும்.

பழைய புகைப்படத் தகட்டுக்கு அத்திறமை இல்லை. பெருக்கிய கோளுருவைப் பதித்துக்கொள்ள அதற்கு ஒரு நொடியோ பல நொடிகளோ வேண்டியிருந்தன. அதற்குள் தெளிந்த கணமும் கலங்கிய கணங்களும் ஒன்றன்மேலொன்று படிந்து யாவும் குழம்பிவிடும். ஆதலின், மங்கலான விண்முகில்களைப் படமெடுப்பதிற் கண்ணை எளிதில் வென்ற தகடு, கோள்களின் திறத்தில் நெடுங்காலம் கண்ணுக்குத் தோற்றே நின்றது. கோள்களை ஆராய்ந்தோர் இருபதாம் நூற்றாண்டிலும் பென்சிலும் தாளும் கொண்டு கண்டதை வரைந்துகொண்டிருந்ததற்குக் காரணம் பழமைப்பற்றன்று. 1940-களிற் பிரான்சு நாட்டுப் பிக் டு மிடி மலையுச்சியில் பெர்னார் லியோ முதலியோர், நல்ல நெகட்டிவுகள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, ஒரே தாளில் ஒன்றன்மேலொன்றாக அச்சிட்டு ஓரளவு வெற்றி கண்டனர். இன்று யாம் செய்வதும் அடிப்படையில் அம்முறையே. சிலவற்றுக்குப் பதிலாகச் சில ஆயிரம் என்பதே வேற்றுமை.

தெளிந்த கணம் எத்துணை முறை வாய்க்கும் என்பதற்கும் ஒரு கணக்குண்டு. 1978 இல் அமெரிக்கரான டேவிட் ஃபிரீட் என்பார் அதனை வகுத்துக் கொடுத்தார். ஒளியலை பெரிதும் கோணாமல் வந்து சேரும் காற்றுத் துண்டின் அகலம் ஓர் அளவாக முதலிற் கொள்ளப்படும். சாதாரண இரவில் அது 5 சென்டிமீட்டர் எனலாம், நல்ல இரவில் 10 சென்டிமீட்டரையும் எட்டும். தொலைநோக்கியின் விட்டம் அத்துண்டைப்போல் எத்தனை மடங்கு என்பதே கேள்வி. 4 மடங்காயின், மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த படங்களில் ஏறக்குறையப் பாதி தெளிவாக அமையும். 5 மடங்காயின் ஒன்பதில் ஒன்று. 6 மடங்காயின் ஐம்பதில் ஒன்று. 7 மடங்காயின் முந்நூற்றெழுபதில் ஒன்று. 10 மடங்கானாலோ பத்து லட்சத்தில் ஒன்று! 5 சென்டிமீட்டர் இரவில் எமது 20 சென்டிமீட்டர் ஆடி முதல் வரிசையில் நிற்கின்றது. 50 சென்டிமீட்டர் ஆடியுடையார் கடைசி வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். ஆயின் சிறியதே சிறந்தது என்று இதனாற் பொருள் கொள்ளலாகாது. பெரிய ஆடிக்கு வாய்க்கும் அந்த ஒரு கணத்தில் அது காட்டுவதை எம்முடையது ஒருநாளும் காட்டாது. சிறு தொலைநோக்கியாளர் தம் கருவியின் முழு ஆற்றலையும் அடிக்கடி பெறுகின்றனர் என்பதே இதன் கருத்து.

இனி, படமெடுக்கும் முறையைக் கூறுவாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கணினியின் எதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசுவதற்கென்று விற்ற மலிவான வெப்காமிராக்களின் வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியிற் பொருத்தலாம் எனச் சில ஆர்வலர் கண்டனர். அவை தனிப்படம் எடுப்பதில்லை. நொடிக்குப் பல படங்களாக வீடியோ எடுத்துக்கொண்டே இருக்கும். இதற்கென்றே செய்த காமிராக்கள் பின்னர் வந்தன. எமது காமிரா வியாழனை ஒரு படத்துக்கு 8 மில்லி நொடி என்ற அளவில், நொடிக்கு 100 படம் வீதம், இரண்டு நிமிடத்தில் 12,000 படங்கள் எடுத்துக் கணினியிற் கொட்டுகின்றது. அவற்றைத் தெளிவின் வரிசைப்படி அடுக்கி, மேலான பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தள்ளிவிடுவது மென்பொருளின் வேலை. ஹாலந்து நாட்டவரான கோர் பெரெவூட்ஸ் ஆக்கிய ரெஜிஸ்டாக்ஸும், எமில் கிராய்காம்ப் ஆக்கிய ஆட்டோஸ்டாக்கர்ட்டும் இவ்வேலையில் உலகெங்கும் பெயர்பெற்றவை. இரண்டும் விலையின்றி வழங்கப்பட்டன என்பதை நன்றியுடன் குறிக்கின்றோம்.

தெரிந்தெடுத்த 1,200 படங்களையும் ஏன் ஒன்றாக்க வேண்டும், எல்லாவற்றினும் சிறந்த ஒன்று போதாதோ எனின், போதாது. 8 மில்லி நொடியில் விழும் ஒளி மிகக் கொஞ்சம். ஒவ்வொரு தனிப்படமும் மணல் தூவினாற்போலப் பொரிப்பொரியாக இருக்கும். அம்மணல் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றது; கோளின் பட்டைகளோ அதே இடத்தில் நிற்கின்றன. படங்களைக் கூட்டிச் சராசரி எடுக்குங்கால் பட்டைகள் நிலைக்க, மணல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் இது குறையும் என்பது கணிதம். 1,600 படங்களைக் கூட்டினால் 40-இல் ஒரு பங்காகும். அன்றியும், காற்று கோள் முழுவதையும் ஒருங்கே அசைப்பதில்லை. ஒரு விளிம்பை இப்பக்கமும் மறுவிளிம்பை அப்பக்கமும் இழுக்கும். ஆகவே மென்பொருள் உருவைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பொருத்தி ஒட்டுகின்றது. இறுதியில் வருவது மணலற்ற, ஆயினும் மங்கலான ஓர் உருவம். அதனைக் கூர்மையாக்குவது கடைசிப் படி. அதன் கதையைப் பின்னே சொல்வோம்.

நேரத்திற்கும் ஒரு வரம்புண்டு. வியாழன் தன்னைத்தானே சுற்றிவர 9 மணி 55 நிமிடமே ஆகின்றது. அதன் நடுவிலுள்ள ஒரு புள்ளி நிமிடத்திற்கு ஏறக்குறையக் கால் விகலை நகர்ந்துவிடும். மூன்று நிமிடத்திற்கு மேல் எடுத்தால் கோளே தன் படத்தைக் கலைத்துவிடும். செவ்வாய்க்கு இவ்வளவு அவசரமில்லை.

மென்பொருள் யாவற்றையும் சீராக்கிவிடும் என்று எண்ணி யாம் முதலாண்டு முழுவதையும் வீணாக்கினோம். கல்லூரிக் கட்டடத்தின் மொட்டைமாடி உயரமானது, மரங்கள் மறைப்பதில்லை என்று அங்கேயே கருவியை நிறுத்தினோம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த அம்மாடி நள்ளிரவுக்குப் பின்னும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தது; அடுப்பின்மேல் தொலைநோக்கியை வைத்ததற்கும் அதற்கும் அதிக வேற்றுமையில்லை. விளையாட்டு மைதானத்தின் புல்வெளிக்கு இறங்கிவந்த முதல் இரவிலேயே வியாழனின் செம்புள்ளி தனித்துத் தெரிந்தது. அறைக்குள்ளிருந்து எடுத்துவந்த ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைய ஒரு மணி நேரமேனும் வேண்டும் என்பதையும், இரு ஆடிகளும் நேர்ப்பட்டு நிற்கின்றனவா என்பதை ஒவ்வோரிரவும் ஒரு விண்மீனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றோம். ஆடிமாதத்திற் படமெடுக்க முயன்றதைப் பற்றி எழுதாதிருத்தலே நலம். அம்மியைப் பறக்கவிடும் காற்று எமது குழலை மட்டும் விட்டுவைக்குமோ?

காற்றைக் குறைகூறும் நாம், நம் நாட்டின் இருப்பிடத்தால் நமக்கு வாய்த்துள்ள நன்மையை மறத்தலாகாது. 2019 இல் வியாழன் வானநடுக்கோட்டுக்குத் தெற்கே 22 பாகைக்கு மேல் தாழ்ந்து நின்றது. இலண்டனில் அது தொடுவானத்திலிருந்து 16 பாகையே எழுந்தது. அங்ஙனம் தாழ்ந்து காணுங்கால் ஒளி மிகத் தடித்த காற்றினூடு வருதலோடு, முப்பட்டைக் கண்ணாடியிற் புகுந்தாற்போல ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் நீலித்தும் சிதறும். மதுரையில் அதே வியாழன் 57 பாகை உயரத்தில் நின்றது. கோள்களைப் படமெடுப்பதிற் புகழ்பெற்ற ஆங்கிலேயரான டேமியன் பீச், தம் நாட்டின் வானத்தை விட்டுக் கடல் கடந்து பார்படோஸ் தீவுக்குச் சென்று படமெடுத்தவர். அத்தீவு சென்னையின் அட்சரேகையிலேயே உள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரத்துக் கிறிஸ்டோபர் கோ, 28 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் தம் ஊரிலிருந்தே, வியாழனின் வெண்புள்ளி ஒன்று செந்நிறம் அடைந்திருத்தலை 2006 பிப்ரவரியிற் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். செபு மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட அட்சரேகையில் உள்ளது. சென்னையின் பழைய வானாராய்ச்சி நிலையத்திலேயே 1852 இல் கேப்டன் ஜேக்கப் என்பார், சனியின் மங்கல் வளையத்தினூடே கோளின் விளிம்பு தெரிவதைக் கண்டு, அவ்வளையம் ஒளிபுகவல்லது எனக் குறித்தார். நம் வானத்தின்மேற் பழி சுமத்துமுன் இவற்றை நினைவு கூர்தல் தகும்.

நிற்க. பொழுதுபோக்காகச் செய்யும் இதனால் அறிவுலகுக்கு ஏதேனும் பயனுண்டோ எனின், 2009 ஜூலை 19 ஆம் நாளிரவு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். அந்தோணி வெஸ்லி என்னும் ஆர்வலர் தாமே அமைத்த 37 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வானம் கலங்கவே நிறுத்திவிடலாம் என்றும் எண்ணினார். சிறிது இளைப்பாறித் திரும்பிவந்தபோது தென்முனைக்கு அருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார். துணைக்கோளின் நிழலோ? நிழல் அவ்விடத்தில் அப்பொழுது விழ வழியில்லை. மேலும் அப்புள்ளி கோளோடு ஒத்துச் சுழன்றது. பழைய புயலோ? இரண்டு நாளுக்கு முன் அதே பக்கத்தைத் தாம் எடுத்த படத்தில் அது இல்லை. இவ்விரண்டையும் தேர்ந்த பின்னரே அவர் பிறருக்கு அறிவித்தார். ஹவாய்த் தீவிலிருந்த நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதனை உறுதிசெய்தது; நான்கு நாளில் ஹபிள் தொலைநோக்கியும் அவ்விடத்தை நோக்கித் திரும்பியது. சில நூறு மீட்டர் அகலமுள்ள ஏதோ ஒரு பொருள் வியாழனில் வீழ்ந்து விட்ட வடு அது. வெஸ்லி அதனைக் கண்டது வியப்பு. கண்டவுடன் முதலில் தம் படத்தையே ஐயுற்றது அதனினும் எமக்கு வியப்பாயிற்று. என்னை? யாம் அங்ஙனம் செய்யவில்லை.

2022 டிசம்பரிற் செவ்வாய் எதிர்நிலைக்கு வந்தது. அகலம் 17 விகலையே. எமது காமிராவிற் குறுக்கே எழுபது புள்ளிகள். மாண்டஸ் புயல் கடந்து சில நாட்களுக்குப் பின் ஓர் இரவு, மழை கழுவிய வானத்தில் அது உச்சிக்கு அருகே அசையாது நின்றது. எடுத்தோம், கூட்டினோம், கூர்மையாக்கினோம். கருநிறத் திட்டுகள் எழுந்தன; அவற்றோடு ஒளிமிக்க ஒரு விளிம்பின் உட்புறத்தே மெல்லிய கருங்கோடு ஒன்று வில்போல வளைந்து தோன்றியது. செவ்வாயின் காலை மேகமும் அதன் எல்லையுமே இது என்று யாம் துணிந்தோம். பெரிதாக அச்சிட்டு, "செவ்வாயில் காலை மேகம்" என்று தலைப்பிட்டு, பௌதிகத் துறையின் பலகையில் ஒட்டினோம். மாணவர் கூடிநின்று பார்த்தனர்.

பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்தவர்களுள் நில அளவைத் தொழிலில் முதிர்ந்த ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர் எம்முள் இளையவரை அழைத்து, "தம்பி, மேகத்திற்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது? காம்பஸ் வைத்து இழுத்தாற்போல் இருக்கின்றதே" என்றார். யாம் சற்றுச் சினந்தோம் என்பதை மறைப்பானேன்? அவர் வாயை அடைக்கவே ஒரு சோதனை செய்தோம். வீடியோவை இரு பாதியாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிக் கூர்மையாக்கினோம். தற்செயலாய் விழுந்த மணலாயின் இரண்டிலும் ஒரே இடத்தில் வாராது. இரண்டிலும் அக்கோடு வந்தது. யாம் வென்றோம் என்றே எண்ணினோம்.

ஆயின் இரவு முழுதும் ஓர் ஐயம் உறங்கவிடவில்லை. ஒரே பிழையான வழியில் இருமுறை சென்றால் ஒரே பிழையான ஊரைத்தானே இருமுறையும் அடைவோம்? மறுநாள், கூர்மையாக்கும் கருவியின் வீச்சளவை மட்டும் சிறிது கூட்டினோம். கருங்கோடு உள்நோக்கி நகர்ந்தது. குறைத்தோம், விளிம்பை நோக்கி வந்தது. செவ்வாயின் மேகம் எமது கணினியின் குமிழைத் திருப்பினால் நகருமோ? கூர்மையாக்காத மூலப்படத்தில் அதன் சுவடே இல்லை. ஒளிமிக்க விளிம்பு திடீரென இருளில் முடியும் இடத்தில், ஆடியின் ஒளிவிளிம்பு விலகலும் கூர்மையாக்கும் கணக்கும் சேர்ந்து, கரையோரத்து நீரில் எழும் அலைபோல ஒரு கருவரியை எழுப்பிவிடுகின்றன. செவ்வாயைப் படமெடுப்போர் பலரும் அறிந்த பிழை இது, யாமே அறியாதிருந்தோம்.

செவ்வாயின் திறத்தில் இங்ஙனம் ஏமாந்தவர் யாம் முதல்வர் அல்லேம் என்பதே ஆறுதல். 1877 இல் மிலான் நகரத்துச் சியாபரெல்லி அதன்மேல் நேர்க்கோடுகளைக் கண்டு, வாய்க்கால் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லால் அவற்றைக் குறித்தார். 1894 முதல் அரிசோனாவில் ஆராய்ந்த பெர்சிவல் லோவெல் அவற்றை அறிவுள்ளோர் வெட்டிய கால்வாய்கள் என்றே நம்பி நூல்கள் எழுதினார். கண்ணை நம்பாதவர்க்காக 1905 இல் அவருடைய உதவியாளர் லாம்ப்லண்ட் புகைப்படமும் எடுத்தார். படங்கள் மிகச் சிறியன. கோட்டை நம்பியவர் அவற்றிற் கோட்டைக் கண்டனர், நம்பாதவர் காணவில்லை. 1909 இல் அந்தோனியாடி பாரிசுக்கு அருகேயுள்ள மெயுடோனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் நோக்கியபோது கோடுகள் சிதைந்து ஒழுங்கற்ற திட்டுகளாயின. 1965 ஜூலையில் மாரினர் 4 அருகே சென்று எடுத்த படங்களிற் பள்ளங்களே இருந்தன. லோவெல் பொய்யுரைத்தவரல்லர், தாம் கண்டதையே எழுதினார். எமது கோட்டையும் யாம் கண்டோம். வேறுபாடு, அவரிடம் திருப்பிப் பார்க்கக் குமிழ் இல்லை. எம்மிடம் இருந்தும் திருப்பவில்லை.

படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, காரணத்தை எழுதி அவ்விடத்தில் ஒட்டினோம். அளவையாளர்க்கும் ஒரு கடிதம் எழுதினோம்; "அளவுச் சங்கிலியே நீண்டிருந்தால் எத்தனை முறை அளந்தாலும் நிலம் குறைந்தே வரும்" என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது. அதுமுதல் எமது படங்கள் யாவற்றின் அருகிலும் கூர்மையாக்காத உருவையும் சேர்த்தே அச்சிடுகின்றோம். கீழே நாள், நேரம், எடுத்த படங்களின் எண்ணிக்கை, வைத்துக்கொண்ட எண்ணிக்கை, கூர்மையாக்கிய அளவு ஆகியவற்றைக் குறிக்கின்றோம். புதிதாக ஏதேனும் தோன்றினால் வீச்சளவை மாற்றிப் பார்க்கின்றோம். ஒரு மணி கழித்து எடுத்த படத்தில் அது கோளோடு சுழன்றிருக்கின்றதா என்றும் பார்க்கின்றோம். மூல வீடியோக்களை அழிப்பதில்லை. இரண்டு நிமிட வீடியோ ஏறக்குறைய 2 ஜிகாபைட் இடம் கொள்வதால், மூன்றாம் முறையாக ஹார்டு டிஸ்க் கேட்டு யாம் எழுதிய விண்ணப்பம், "வியாழன் அப்படியேதானே இருக்கின்றது, மீண்டும் மீண்டும் ஏன் எடுக்கின்றீர்கள்?" என்ற குறிப்புடன் எமக்கே திரும்பி வந்துள்ளது. அதற்கு விடையாக 2009 ஜூலையில் எடுத்த இரு படங்களை, இரண்டு நாள் முந்தியதும் பிந்தியதுமாக, இணைத்து மறுபடி அனுப்பியிருக்கின்றோம்.